ஹென்றி போர்ட் செய்ய முடியாத ஒரு பொருள்

அவிசாவளை நகரிலிருந்து பிரியும் சாலைகளுள் ஒன்று இரத்தினபுரியை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று எட்டியாந்தோட்டை வழியாக அட்டன் மலைக்கு ஏறுகிறது. இவ்விரு சாலைகளிலும் செல்வோர் இருமருங்கிலும் இறப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்பதைக் காண்பர். மரத்தின் பட்டையிலே சாய்வாக ஒரு வெட்டு. வெட்டின் கீழ்முனையில் ஒரு சிரட்டை அல்லது கிண்ணம். சாலையிலோ மோட்டார் வண்டிகளும் லொறிகளும் இடைவிடாது ஓடுகின்றன. சாலையோரத்து மரத்தையும் சாலையில் ஓடும் வண்டியையும் ஒருசேர நினைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

ஆயினும், அந்த வண்டி பிறந்திராவிட்டால் இந்த மரம் இங்கே நின்றிராது. மரம் நின்றிராவிட்டால், திருச்சிராப்பள்ளியிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கடல் கடந்து வந்த தமிழ்க் குடும்பங்களுட் பல சப்பிரகமுவக் குன்றுகளிலே வேர்விட்டிரா. ஆகவே, அமெரிக்க மோட்டார்த் தொழிலின் வரலாறு நமக்கு அந்நியமான வரலாறு அன்று. அவ்வரலாற்றிலே தலையாய பெயரான ஹென்றி போர்ட் என்பாரின் கதையையும், அவர் தம் கையால் செய்ய முடியாது போன ஒரே ஒரு பொருளின் கதையையும் இவ்வாரம் நம் வாசகர்களுடன் சேர்ந்து நோக்குவோம்.

இருமுறை தோற்றவர்

ஹென்றி போர்ட் 1863-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ரோயிட் நகருக்கு அண்மையிலுள்ள ஓர் உழவர் வீட்டிற் பிறந்தார். தந்தையார் அயர்லாந்திலிருந்து குடியேறியவர். மகனுக்கோ ஏரிலும் மாட்டிலும் நாட்டமில்லை, பொறிகளிலேயே நாட்டம். டெட்ரோயிட் நகரில் எடிசன் பெயரால் இயங்கிய மின்விளக்குக் கம்பனியில் பொறியாளராகப் பணியாற்றிக்கொண்டே, ஓய்வு நேரங்களில் வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் ஒரு வண்டியைச் செய்து வந்தார். 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அது முற்றுப்பெற்றது. வெளியே கொணர முயன்றபோதுதான் கொட்டிலின் வாயில் வண்டியைவிடக் குறுகியது என்பது தெரிந்தது. கோடரியால் சுவரை உடைத்து வழிசெய்துகொண்டு வண்டியை வீதிக்குக் கொணர்ந்தார் என்பர். அவ்வண்டி நான்கு சைக்கிள் சக்கரங்களின் மேல் ஏறியிருந்தது. அச்சக்கரங்களைச் சுற்றியிருந்தது இறப்பர்.

அவர் தொடங்கிய முதற் கம்பனி 1899-ஆம் ஆண்டினது. அது முதலில் வெளியிட்டது பொருள்களைச் சுமந்து செல்லும் வண்டியே. இன்றைய லொறியின் முன்னோடி எனலாம். அக்கம்பனி இரண்டே ஆண்டுகளில் முடிந்துபோயிற்று. இரண்டாவது கம்பனியிலிருந்து, பங்காளர்களுடன் மனம் ஒவ்வாது, 1902-இல் அவரே விலகினார். அதுதான் பின்னர் காடிலாக் என்னும் பெயரில் செல்வர்களின் வண்டியைச் செய்தது. மூன்றாம் முறையாக 1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரொக்கமாக 28,000 டொலருடன் போர்ட் மோட்டார்க் கம்பனி தோன்றியது. மாணவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம்: உலகம் அறிந்த இக்கம்பனி, தோல்வியிலே தேர்ச்சி பெற்ற ஒரு நாற்பது வயதினரின் மூன்றாவது முயற்சியேயாம்.

உழவனுக்கு ஒரு வண்டி

அந்நாளில் மோட்டார் வண்டி செல்வர்களின் விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. போர்ட் அதனை உழவர்களுக்கும் தொழிலாளருக்கும் உரியதாக்க எண்ணினார். 1908-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று அவர் வெளியிட்ட ‘டீ’ மாதிரி வண்டி அவ்வெண்ணத்தின் வடிவம். நான்கு சிலிண்டர், இருபது குதிரை வலு, சேற்றுப் பாதையிலும் தட்டாது செல்லத்தக்க உயரம், வனேடியம் சேர்த்த உறுதியான எஃகு, எவரும் பழுது பார்க்கத்தக்க எளிய அமைப்பு ஆகியன அதன் சிறப்புகள். தொடக்கத்தில் அதன் விலை 850 டொலர்.

1913-ஆம் ஆண்டில் ஹைலண்ட் பார்க் என்னும் தொழிற்சாலையில் அவர் செய்த மாற்றமே உலகை மாற்றியது. அதுவரை வண்டி ஓரிடத்தில் நிற்க, தொழிலாளர் அதனைச் சுற்றி வந்து வேலை செய்தனர். இனி, தொழிலாளர் தத்தம் இடத்திலே நிற்க, வண்டி அவர்களைத் தேடி நகர்ந்து வந்தது. ஒருவர் ஓர் ஆணியை வைப்பார், அடுத்தவர் அதனை முடுக்குவார், வண்டி நகரும். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை 93 நிமிடங்களில் முடிந்தது. விலை ஆண்டுக்காண்டு இறங்கியது. 1925-ஆம் ஆண்டில் 260 டொலருக்கே ஒரு வண்டியை வாங்கலாயிற்று. 1917-இல் ஒரு தொன் சுமக்கும் ‘டீ டீ’ லொறி வந்தது. அடிச்சட்டத்தையும் எந்திரத்தையும் மட்டுமே கம்பனி தரும். மேற்கூட்டை ஊர்த் தச்சரே தத்தம் தேவைக்கேற்பக் கட்டிக்கொள்வர். 1927-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒன்றரைக் கோடியாவது ‘டீ’ மாதிரி வண்டி ஆலையை விட்டு வெளிவந்தது.

பிரித்தானியப் பேரரசின் நாடுகளில், பிரித்தானியத் தீவுகள் நீங்கலாக, போர்ட் வண்டிகளை விற்கும் உரிமை கனடாவிலிருந்த போர்ட் கம்பனிக்கு இருந்தது. 1926-ஆம் ஆண்டில் அதன் கிளையாக இந்தியப் போர்ட் கம்பனி அமைந்தது. பம்பாய், சென்னை, கல்கத்தா ஆகிய நகரங்களில் பகுதிகளாக வந்திறங்கிய வண்டிகள் பொருத்தப்பட்டன. மாட்டு வண்டியும் படகும் சுமந்த பொருள்களை லொறி சுமக்கத் தொடங்கிய காலம் அது.

ஐந்து டொலர் நாட்கூலி

1914-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள், போர்ட் கம்பனி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஒன்பது மணி நேர வேலைக்கு 2 டொலர் 34 சதம் பெற்ற தொழிலாளர் இனி எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டொலர் பெறுவர் என்பதே அதன் சாரம். மறுநாளே ஆலை வாயிலில் ஆயிரக்கணக்கானோர் வேலை தேடித் திரண்டனர்.

இது அறச்செயல் மட்டும் அன்று. நகரும் வரிசையின் முன் நின்று ஒரே வேலையை நாள்முழுதும் செய்ய மனிதர் விரும்பவில்லை. 1913-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 14,000 இடங்களை நிரப்பி வைத்திருக்கக் கம்பனி 52,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க நேர்ந்தது. கூலியை உயர்த்தியதால் தொழிலாளர் நிலைத்தனர், செலவு குறைந்தது. மேலும், ஐந்து டொலரில் ஒரு பகுதி இலாபப் பங்கு எனப்பட்டது. ஒழுக்கமாக வாழ்கின்றனரா என்று வீடு வீடாகச் சென்று ஆராயும் அலுவலர் ஒப்புதல் அளித்தால்தான் அது கிட்டும். தொழிற்சங்கத்தையோ போர்ட் 1941 வரை ஏற்கவே இல்லை. தாம் நடத்திய பத்திரிகையில் யூதர்மீது வெறுப்பை வளர்த்த பழியும் அவருக்குண்டு.

இக்குறைகளையெல்லாம் கண்ட பின்னும், அக்கூலியில் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. பொருளைச் செய்பவன் அப்பொருளை வாங்கவும் வல்லவனாதல் வேண்டும். அப்போதுதான் தொழில் தழைக்கும் என்பதே அது. இவ்வுண்மை டெட்ரோயிட் ஆலையின் மதிலோடு நின்றுவிட்டதா, மதிலைக் கடந்து வந்ததா என்பதே நம் கேள்வி.

எல்லாம் தம்முடையது, ஒன்றைத் தவிர

போர்ட் பிறரை நம்பி வாழ விரும்பாதவர். ரூஜ் ஆற்றங்கரையில் அவர் எழுப்பிய பேராலைக்கு இரும்பு அவருடைய சுரங்கத்திலிருந்து வந்தது, நிலக்கரியும் அவ்வாறே. மரம் அவருடைய காட்டினது. கண்ணாடி அவருடைய உலையினது. கப்பலும் இருப்புப்பாதையும் கூட அவருக்குச் சொந்தமாயிருந்தன. ஒரு வாயிலில் மண்ணாகவும் கல்லாகவும் புகுந்தது மறு வாயிலில் மோட்டார் வண்டியாக வெளிவந்தது.

ஆனால் இறப்பர் மட்டும் அவர் கைக்கு எட்டவில்லை. அது அமேசன் காட்டில் இயல்பாய் வளரும் மரத்தின் பால். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் நாட்டின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியில் சேகரித்த எழுபதினாயிரம் விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரத் தோட்டத்திற்குக் கொணர்ந்தார். மூவாயிரத்திற்கும் குறைந்தவையே முளைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. ஆசியக் கண்டத்து இறப்பர்த் தோட்டங்களின் தாய்வீடு அதுவே.

நட்ட மரத்தை முப்பது ஆண்டுக் காலம் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. கோப்பி அழிந்த பின் தோட்டக்காரர் தேயிலையையே நாடினர். மோட்டார் வண்டி பெருகத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. 1906-ஆம் ஆண்டில் பேராதனையில் உலகின் முதல் இறப்பர்ப் பொருட்காட்சி நடைபெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவிலே போர்ட், அக்ரன் நகரத்து ஹார்வி பயர்ஸ்டோனிடம் இரண்டாயிரம் வண்டிகளுக்கான டயர்களுக்கு ஆணை கொடுத்தார். ‘டீ’ மாதிரி வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 1910-இல், இலண்டன் சந்தையில் இறப்பர் விலை இறாத்தல் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. பணம் வெள்ளமெனப் பாய்ந்தது, காடுகள் வீழ்ந்தன, கன்றுகள் எழுந்தன.

சப்பிரகமுவ ஏன்?

இறப்பர் மரத்திற்கு வெப்பமும் வேண்டும். ஆண்டு முழுதும் மழையும் வேண்டும். கடும் குளிரும் நீண்ட வறட்சியும் ஆகா. நுவரெலியாவின் உயரம் அதற்கு ஒவ்வாது. யாழ்ப்பாணத்தின் வறட்சியும் ஒவ்வாது. களுத்துறையும் கேகாலையும் இரத்தினபுரியும் அதற்கென்றே அமைந்தவை போன்றவை. ருவன்வெல்லை, தெஹியோவிற்ற, தெரணியகலை, எஹலியகொடை, இறக்குவானை முதலிய இடங்களின் குன்றுகள் பச்சைப் போர்வையை மாற்றிக்கொண்டன.

இரண்டரை அடி அகலமே உடைய களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை, 1902-இல் அவிசாவளையையும் 1903-இல் எட்டியாந்தோட்டையையும் 1912-இல் இரத்தினபுரியையும் எட்டியது. தேயிலையும் இறப்பரும் அச்சிறு பாதை வழியே கொழும்புத் துறைமுகத்தை அடைந்தன. 1914-இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை அமைந்ததும், தமிழகத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தொழிலாளர் வருவது எளிதாயிற்று. கங்காணியின் பின்னால் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் லயங்களிலே குடியேறினர்.

பட்டையும் பாலும்

தோட்டத்துப் பிள்ளைகள் அறிந்ததை நகரத்துப் பிள்ளைகளும் அறிதல் நன்று. பால்வெட்டு விடியற்காலையிலே தொடங்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை இழக்கும். பட்டைக்குள் உள்ள அழுத்தம் குறையும். பால் சுரப்பு தளரும். ஆதலால் இருள் பிரியும் முன்பே பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, வாளியும் கத்தியுமாக மலையேற வேண்டும்.

வெட்டு என்று சொல்லினும் அது உண்மையில் சீவலேயாகும். முன்பு வெட்டிய கோட்டின் ஓரமாக ஒரு மில்லிமீற்றரைச் சற்றே மிஞ்சும் அளவுக்குப் பட்டையை எடுக்க வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குழாய்கள் திறவா. ஆழம் மிகுந்தால் மரத்தை வளர்க்கும் மென்படலம் காயமுற்று, பட்டை மீண்டும் சீராக வளராது. ஒருவர் ஒரு காலையில் இவ்வாறு சில நூறு மரங்களைக் கடந்து செல்வார். பின்பு அதே வழியே மீண்டு, பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்து செல்வார். வெட்டிலும் சிரட்டையிலும் உறைந்ததை ‘ஒட்டுப்பால்’ என்பர், அதுவும் வீணாவதில்லை. பாலில் மூன்றில் ஒரு பங்களவே இறப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அமிலமிட்டு உறையச் செய்து, உருளையில் தகடாக்கி, புகையில் உலர்த்தினால் டயர் ஆலைக்கு உரிய பொருள் ஆயிற்று.

மழை பெய்தால் வெட்டில்லை. நனைந்த பட்டையில் பால் வழிந்தோடிவிடும். மரத்தை வளர்ப்பதும் மழை. வேலையைக் கெடுப்பதும் மழை. சப்பிரகமுவவில் இம்முரண் புதிதன்று. அரைப்பேருடன் வீடு திரும்பிய நாள்களைத் தோட்டத்துக் குடும்பங்கள் நன்கறியும்.

இங்கே ஒன்றைச் சிந்திப்போம். ஹைலண்ட் பார்க் ஆலையில் ஆணி முடுக்கும் வேலையைச் சில நாள்களில் கற்கலாம். அதனை எந்திரம் ஒன்றுக்கும் கற்பிக்கலாம். பால்வெட்டும் கையின் அளவறிவை நகரும் வரிசையில் வைத்துப் பிரிக்க இயலாது. அது மரத்துக்கு மரம் மாறும் அறிவு. கத்தியின் நுனியிலே உறையும் அறிவு.

இறப்பருக்காக ஒரு போர்

முதல் உலகப் போருக்குப் பின் இறப்பர் விலை வீழ்ந்தது. பிரித்தானிய அரசு, ஸ்டீவன்சன் பிரபு தலைமையில் வகுக்கப்பட்ட திட்டமொன்றை 1922-ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கையிலும் மலாயாவிலும் நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஓர் அளவு விதிக்கப்பட்டது. அதில் குறித்த ஒரு பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்தால் கடுந்தீர்வை. வரவு சுருங்கவே விலை ஏறியது. 1925-இல் இறாத்தல் நான்கு ஷில்லிங்கையும் தாண்டியது.

உலக இறப்பரில் ஏறக்குறைய முக்காற்பங்கு பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் விளைந்தது. அதே அளவு பங்கை வாங்கியது அமெரிக்கா. எனவே அங்கே எதிர்ப்பு மூண்டது. வர்த்தக அமைச்சர் ஹெர்பர்ட் ஹூவர் கண்டனக் குரல் எழுப்பினார். பயர்ஸ்டோன் 1926-ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் உரிமையைப் பெற்றார். எடிசன், போர்ட், பயர்ஸ்டோன் மூவரும் சேர்ந்து 1927-இல் அமெரிக்க மண்ணிலேயே இறப்பர் தரும் செடியைத் தேடும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். முதுமையிலும் எடிசன் ஆயிரக்கணக்கான செடிகளை ஆராய்ந்தார். வணிகத்திற்கு உதவும் பயன் கிட்டவில்லை. ஸ்டீவன்சன் திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் இடையே இலாபம் அடைய, 1928-இல் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

போர்ட்டோ மரத்தின் பிறப்பிடத்திற்கே சென்றார். பிரேசிலில், விக்ஹாம் விதை எடுத்த அதே தபஜோஸ் ஆற்றங்கரையில், பத்தாயிரம் சதுரக் கிலோமீற்றர் அளவான காட்டைப் பெற்று, 1928-இல் ‘போர்ட்லாண்டியா’ என்னும் நகரை எழுப்பத் தொடங்கினார். மிச்சிகன் பாணி வீடுகள், மருத்துவமனை, மின்விளக்கு, நேரம் பதியும் கடிகாரம் அனைத்தும் அங்கே சென்றன. நண்பகல் வெயிலில் வேலை செய்யுமாறும், உணவுக்கூடத்தில் தமக்குப் பழக்கமில்லாத உணவை வரிசையில் நின்று உண்ணுமாறும் பணிக்கப்பட்ட தொழிலாளர், 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் கொதித்தெழுந்து கடிகாரங்களை உடைத்தனர்.

மனிதரைக் காட்டிலும் மரம் கொடிய பாடம் கற்பித்தது. அமேசன் காட்டில் இறப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பவை. அங்கே இலைக்கருகல் என்னும் பூஞ்சண நோய் உண்டு; தொலைவே மரத்திற்குக் காவல். டெட்ரோயிட் ஆலையின் ஒழுங்கில் நெருக்கி நட்டபோது, ஒரு மரத்து நோய் மறு மரத்திற்குத் தாவி, தோட்டமே இலையிழந்து நின்றது. விக்ஹாமின் விதைகள் கடல் கடந்தபோது அந்நோய் கூட வரவில்லை. ஆகையால்தான் சப்பிரகமுவவில் நெருக்கி நட்ட மரம் தழைத்தது. ஏறத்தாழ இரண்டு கோடி டொலரை இழந்த பின், 1945-இல் இரண்டரை இலட்சம் டொலர் அளவான தொகைக்குப் போர்ட் குடும்பத்தார் அந்நிலத்தைப் பிரேசில் அரசுக்கே திருப்பிக் கொடுத்தனர். ஹென்றி போர்ட் ஒருமுறையேனும் அங்கே அடி வைத்ததில்லை.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கென 1927-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வகுக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி, ஆண் ஒருவருக்கு ஐம்பது சதத்தை ஒட்டியது. பெண்ணுக்கு அதனினும் குறைவு. அரிசி குறித்த விலையில் தோட்டத்திலேயே தரப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அக்கால நாணய மாற்றில் ஒரு டொலருக்கு இரண்டே முக்கால் ரூபாய் அளவு பெறலாம். எனவே போர்ட் ஆலைத் தொழிலாளி ஒரே நாளில் பெற்ற ஐந்து டொலர், பால்வெட்டுத் தொழிலாளியின் இருபத்தேழரை நாட்கூலிக்குச் சமம். 260 டொலர் வண்டிக்கு டெட்ரோயிட் தொழிலாளி 52 நாள் உழைத்தால் போதும். எஹலியகொடைத் தொழிலாளியோ உண்ணாமல் உடுக்காமல் 1,430 நாள் உழைக்க வேண்டும்; ஆண்டுக்கு முந்நூறு நாள் வேலை கிடைத்தாலும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு.

வண்டியைப் பொருத்தியவரும் அதன் சக்கரத்திற்குப் பால் எடுத்தவரும் ஒரே பொருளின் இரு முனைகளில் நின்றவர்களே. செய்பவன் வாங்க வல்லவனாதல் வேண்டும் என்ற நீதி ஒரு முனைக்கே வழங்கப்பட்டது.

அதன்மேல், அமெரிக்காவின் தும்மலுக்குச் சப்பிரகமுவ காய்ச்சலில் வீழ்ந்தது. 1929-இல் நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்தது. வண்டி விற்பனை படுத்தது. 1932-இல் இறப்பர் விலை இறாத்தல் மூன்று பென்சுக்கும் கீழே இறங்கியது. பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது, கூலி குறைக்கப்பட்டது, வேலையிழந்தோர் பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம் ஏதுமில்லை.

போரும் அரிசியும்

1942-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவும் யாவாவும் போயின. நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மையான நாடாக இலங்கை எஞ்சியது. மரத்தின் வருங்காலத்தை எண்ணாது, கிடைத்த பட்டையெல்லாம் வெட்டிப் பால் எடுக்கும்படி தோட்டங்கள் தூண்டப்பட்டன. இராணுவ லொறியும் ஜீப்பும் விமானமும் அந்தப் பாலின்மேல் ஓடின. அதே வேளையில் அமெரிக்கா பெற்றோலியத்திலிருந்து செயற்கை இறப்பரைப் பெருவாரியாகச் செய்யக் கற்றுக்கொண்டது.

போர் முடிந்தபின் மரங்கள் நலிந்திருந்தன, விலையும் நிலைக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு டிசம்பரில், அமைச்சர் ஆர். ஜீ. சேனநாயக்கவின் முயற்சியால், இலங்கை சீனாவுடன் புகழ்பெற்ற இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் செய்தது. ஐந்தாண்டுக் காலம், ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 270,000 தொன் அரிசி. அமெரிக்கா அதை விரும்பவில்லை, உதவியை நிறுத்தியது. ஆயினும் நாட்டின் உலையில் அரிசி வெந்தது.

அந்த அரிசிக்குரிய பாலைச் சுரக்கச் செய்த கைகளுட் பல, நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1948-ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரின் கைகளாகியிருந்தன. 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 1977-இலும் 1981-இலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள்மீது நடந்த வன்முறை மேலும் பலரைப் பெயர்த்தது. இந்தியாவுக்குச் சென்றோருள் ஒரு பகுதியினர், கேரளத்தின் புனலூரிலும் கருநாடகத்தின் சுள்ளியாவிலும் அரசு அமைத்த இறப்பர்த் தோட்டங்களிலே குடியமர்த்தப்பட்டனர். மண் மாறியது, கத்தி மாறவில்லை. இலங்கையில் எஞ்சியோரின் குடியுரிமைக் குறை 1988-ஆம் ஆண்டிலும் 2003-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களால் தீர்க்கப்பட்டது.

இன்று நாம் எண்ண வேண்டுவது

‘டீ’ மாதிரி வண்டி இன்று காட்சிச்சாலைப் பொருள். சென்னைக்கு அருகே மறைமலை நகரில் பிற்காலத்தில் எழுந்த போர்ட் ஆலையும் 2022-இல் வண்டி செய்வதை நிறுத்தியது. எட்டியாந்தோட்டைக் கிளைப்பாதையின் தண்டவாளம் இரண்டாம் உலகப் போரின்போதே பெயர்க்கப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியே சென்ற பாதை 1976-இல் மூடப்பட்டது. கம்பனிகளும் பாதைகளும் வரும், போகும்.

மரம் மட்டும் நிற்கிறது. செயற்கை இறப்பர் எவ்வளவு பெருகினும், பாரவண்டியின் டயருக்கும் தரையிறங்கும் விமானத்தின் டயருக்கும் இயற்கை இறப்பரின் வலிமையும் வெப்பம் தாங்கும் தன்மையும் இன்றும் தேவை. இலங்கையும் பாலைத் தகடாக்கி அனுப்புவதோடு நின்றுவிடவில்லை. சுமை தூக்கும் வண்டிகளுக்கான திண்ம டயர்களைச் செய்து உலகெங்கும் விற்கும் நாடாக வளர்ந்துள்ளது. பாலாக விற்பதனினும் டயராக விற்பதில் வருவாய் மிகுதி என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். அவ்வருவாயில் விடியலில் மலையேறுபவருக்கு உரிய பங்கு யாது என்பதே இன்னும் முடிவுறாத கேள்வி.

போர்ட் தம் நாட்டில் அக்கேள்விக்கு ஒரு விடையைச் சொன்னார். அவருடைய உள்நோக்கம் யாதாயினும், கூலி உயர்ந்தால் தொழில் அழியும் என்று அன்று அச்சுறுத்தியவர்கள் பொய்த்துப் போயினர் என்பது வரலாறு. நமது தோட்டங்களில் கூலி உயர்வு பேசப்படும்போதெல்லாம் அதே அச்சம் சொல்லப்படுவதைக் கேட்கிறோம். அச்சம் முழுதும் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். சந்தை விலை நம் கையில் இல்லை என்பதும் மெய்யே. ஆனால் அன்றாடங் கூலியை மட்டும் குறைத்துப் பிழைக்க எண்ணும் தொழிலுக்குத் திறமையான கைகள் மிஞ்சா. இறப்பர் மலைகளில் பால்வெட்ட ஆளில்லை என்ற குரல் இப்போது அடிக்கடி எழுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் படித்து வேறு தொழில் நாடுவது நல்லதே. அத்தொழிலிலே மதிப்பும் வருவாயும் இருந்தால் அவர்களுட் சிலர் கல்வியோடு அங்கேயே நிற்பர்.

அமெரிக்கப் பெருஞ்செல்வர் இரண்டு கோடி டொலர் செலவிட்டும் பெற முடியாததை, எழுத்தறியாத நம் முன்னோர் நாள்தோறும் ஒரு சிறு கத்தியால் எடுத்துக் கொடுத்தனர். பாடநூல்களில் போர்ட்டின் பெயர் உண்டு. அவர்கள் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் மட்டும் எழுதப்பட்டு, மாத முடிவில் மூடப்பட்டது. தாத்தாவும் பாட்டியும் எந்தத் தோட்டத்தில், எந்த மலையில் பால் வெட்டினர் என்பதை வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டு, ஒரு கொப்பியில் எழுதி வைக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மோட்டார் வண்டியின் வரலாற்றில் விடுபட்டுப்போன அத்தியாயம் அதுவே. அதனை எழுதத்தக்கவர்களும் அவர்களே.